பிள்ளை கையில் என்ன கொடுக்கலாம்?

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தேக்கடி வரை, எல்லையோர ஊர்களில் இயற்கையையும் அறிவியலையும் தொட்டுக்காட்டும் பரிசுகள்

ஐப்பசி முடியும் நேரத்தில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேர். நான்கு அக்ரகாரத்துத் தேர்களும் கூடும் அந்த நாட்களில் தெருவெல்லாம் கடைதான். வளையல், அல்வா, பலூன், பாத்திரம் என்று நடந்துகொண்டே வந்தால், பொம்மைக் கடை முன்னால் பிள்ளைகள் நின்றுவிடும். கையைப் பிடித்து இழுத்தாலும் நகராது. துப்பாக்கியும் ரிமோட் காரும் விற்ற பொம்மைக் கடைகளில் இப்போது பிளாஸ்டிக் பைனாகுலர், காந்தப் பெட்டி, ‘நூறு சோதனைகள்’ என்று அட்டையில் அச்சடித்த சயின்ஸ் கிட் எல்லாம் வந்துவிட்டன. ‘சும்மா பொம்மை வாங்கறதுக்கு, அறிவு வளர்ற மாதிரி ஒண்ணு வாங்கலாமே’ என்று நினைக்கிற பெற்றோர் கூடிவிட்டார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் அப்படி வாங்கிய பெட்டிகள் பல, ஒரு வாரத்தில் அலமாரிக்கு மேலே ஏறிவிடுகின்றன.

இதில் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பெட்டியில் எல்லாமே இருக்கிறது: பொருள், செய்முறை, கடைசிப் பக்கத்தில் விடையும். பிள்ளை கண்டுபிடிக்க மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை. எரிமலை பொங்கும், எல்லாரும் கைதட்டுவார்கள், பொடி தீர்ந்துவிடும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதி தமிழ்நாட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, பரம்பிக்குளம் ஒரு பக்கம். மறையூர், வட்டவடை, மூணாறு, போடிமெட்டு, குமுளி இன்னொரு பக்கம். வாசலைத் தாண்டினால் கண்ணில் படுவதைப் பார்த்து முடிக்கவே ஒரு பிள்ளைப் பருவம் பத்தாது. அதைப் பார்க்கவும் அளக்கவும் தூண்டுகிற பொருளைத்தான் பரிசாக வாங்க வேண்டும், கூடவே வாங்கித் தருபவர் ஓர் அரை மணி நேரம் உட்காரவும் வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

காற்றுக்கு இரண்டு ஓலை

சித்தூர் தாலுகாவில் பனை உண்டு. பனை இருக்கும் ஊரில் காற்றாடிக்குக் காசு செலவில்லை. இரண்டு ஓலைத் துண்டை ஒன்றுக்குள் ஒன்று மடக்கி நுழைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் மறுமுனையை ஒரு குச்சியில் செருகினால் தீர்ந்தது. பிள்ளை முதல் முறை செய்யும் காற்றாடி பெரும்பாலும் சுற்றாது. முள் இறுகியிருக்கும், இல்லையென்றால் ஓலை இரண்டும் தட்டையாகக் காற்றை மறித்து நிற்கும். “தாத்தா, இது ஏன் சுத்த மாட்டேங்குது?” என்று வந்து நிற்கும்போது வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஓலை ஓரத்தைக் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்வு விழுந்ததும் கிர்ரென்று கிளம்பும். கஞ்சிக்கோட்டுப் பக்கம் போகும்போது மின்வாரியத்தின் காற்றாலைகளைக் காட்டினால், அந்த இறக்கைகளும் காற்றுக்குச் சாய்வாகத்தான் நிற்கின்றன என்று பிள்ளையே சொல்லும்.

அடுத்தது திசை. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அதற்குள் நுழையும் காற்றுதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. கார்த்திகை பிறந்தால் கதை திரும்பிவிடும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கிழக்குக் காற்று பாலக்காட்டுக்குள் வீசும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். ஆடியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை அதே காற்றாடியை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், எந்தப் பக்கம் நீட்டினால் வேகம் கூடுகிறது என்று பார்த்துச் சுவரில் ஓர் அம்பு போட்டுவைக்கலாம். பருவக்காற்றுப் பாடம் பள்ளியில் வரும்போது, அந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே வீட்டுச் சுவரில் இருக்கும்.

இடுக்கிக்காரர்களுக்கு ராமக்கல்மேடு இருக்கிறது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்க, மேலே ஆளைத் தள்ளும் காற்று. அங்கே ஓலைக் காற்றாடி தாங்காது, பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். எதில் செய்தால் தாங்கும் என்ற கேள்விக்கு விடை எந்த அட்டைப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

மூன்று, நான்கு வயதுக்கு இந்த மாதிரிப் பொருள்களே அதிகம். பம்பரம், பூவரச இலைப் பீப்பி, நுங்கு வண்டி. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எத்தனை முறை படுக்கவைத்தாலும் எழுந்துகொள்ளும். அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதுதான் சூட்சுமம் என்று பிள்ளை விரலால் தட்டிப் பார்த்தே கண்டுகொள்ளும். காலி டப்பாவின் அடியில் ஈரக் களிமண்ணை அப்பி அது இன்னொன்று செய்ய முயன்றால், பரிசு வேலை செய்கிறது என்று பொருள்.

துப்பாக்கியும் இழுப்பறையும்

இயற்கைப் பரிசு என்றதும் நினைவுக்கு வரும் இந்தியக் கதை சலீம் அலியுடையது. 1896இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதில் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு விளையாட்டு ஏர்கன். அதால் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமா அமிருதீன் தயாப்ஜியிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அனுப்பிவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பையனை அனுப்பினார். அங்கே செயலராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், செத்த குருவியோடு வந்த சிறுவனை உட்காரவைத்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் துப்பாக்கியோடு நிறுத்திவிடுகிறார்கள். துப்பாக்கி கிடைத்த பிள்ளைகள் அன்றைக்கு ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இழுப்பறை திறந்து காட்டப்பட்டவன் ஒருவன். அவர்தான் 1933இல் திருவிதாங்கூர், கொச்சிச் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க மனைவி தெஹ்மினாவோடு இந்த மலைகளுக்கு வந்து, மறையூரிலும் மூணாற்றிலும் கூடாரம் போட்டவர். இன்றைக்கு மறையூர்ச் சந்தனக்காட்டு ஓரத்தில் கவணோடு திரியும் பையனிடமிருந்து கவணைப் பிடுங்குவதைவிட, ‘எதை அடிச்சே? அது பேர் என்ன?’ என்று கேட்பது நல்லது. ஏர்கன், கவண் இரண்டையும் பரிசாக வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பாலக்காட்டுக்கே சொந்தமான ஒரு பெயரும் உண்டு. காவசேரியில் 1923இல் பிறந்த கே.கே. நீலகண்டன், ஆங்கில ஆசிரியர். ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘கேரளத்திலே பக்ஷிகள்’ நூல் 1958இல் வெளிவந்தது. பறவையின் பெயரைத் தாய்மொழியில் சொல்லித் தந்த அந்த ஒரு புத்தகம் கேரளத்தில் எத்தனையோ பேரைப் பறவை பார்க்கவைத்தது. தமிழில் அந்த இடத்தை நிரப்ப இப்போது ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இருக்கிறது. படிக்கத் தெரியாத வயதிலும் பிள்ளை படம் பார்த்துப் பெயர் கேட்கும். வீட்டு முற்றத்துக்கு வரும் பத்துப் பறவையைத் தேடி அதில் பென்சிலால் குறி போட அனுமதியுங்கள். புத்தகம் அழுக்காகாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

லென்ஸ், முதல் லென்ஸ்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் என்ன வாங்குவது? நான் கை லென்ஸ் என்பேன். நான்கு, ஐந்து வயதுக்குக் கைப்பிடி வைத்த சாதாரண உருப்பெருக்கி போதும். ஆறு, ஏழு வயதுக்கு மேல், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் வாங்கலாம். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

அதைப் பிடிக்கும் விதத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பெரியவர்களே லென்ஸைக் கையில் நீட்டிப் பிடித்து, ‘ஒண்ணும் தெரியலையே’ என்பார்கள். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பார்க்கும் பொருளை மெல்ல அதன் அருகே கொண்டுவர வேண்டும், சுமார் ஓர் அங்குலம் வரை. சட்டென்று ஒரு கணத்தில் எல்லாம் கூர்மையாகும். பிள்ளை ‘ஆ’ என்று சொல்வது அந்தக் கணத்தில்தான்.

எதைப் பார்ப்பது? மூணாற்றில் லயத்து வாசலிலிருந்தே தொடங்கலாம். அம்மா கிள்ளிவரும் தேயிலைக் கொழுந்தில் இன்னும் விரியாத மொட்டு இருக்குமே, அதன் மேல் வெள்ளி நிற மயிர் படர்ந்திருக்கும். முற்றிய இலையில் அது இருக்காது. உடும்பன்சோலைப் பக்கம் ஏலத் தோட்டத்தில் செடியின் அடியில் தரையோடு பூக்கும் ஏலப்பூவின் இதழில் ஊதாக் கோடுகள். மறையூரில் கரும்புத் தோகையின் ஓரம் கையை ஏன் அறுக்கிறது என்பதற்கு விடையாக வரிசைப் பற்கள். பாலக்காட்டில் நெற்பூ.

மலைப்பாதை ஓரத்து மண்வெட்டில் வளரும் வெள்ளிப் பெரணியை எல்லையோரப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியும். இலையைத் திருப்பி முழங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இலையின் வடிவம் வெள்ளை அச்சாகப் பதிந்துவிடும். லென்ஸ் வைத்திருக்கும் பிள்ளை அதற்கு அடுத்த படிக்குப் போகலாம். அந்த வெள்ளை, இலையின் அடிப்புறம் பூசினாற்போல் இருக்கும் மெழுகுத்தூள். அதற்கிடையே கறுப்பும் பழுப்புமாகத் தெரிவது பெரணியின் வித்துப் பைகள். பூவும் விதையும் இல்லாத செடி எப்படிப் பெருகுகிறது என்ற பெரிய கேள்வி, கையில் பச்சை குத்தி விளையாடும்போதே வந்து நிற்கிறது. இந்தப் பெரணி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து குடியேறியது என்பதையும் சொல்லிவைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. லென்ஸ் வந்ததும் யாராவது ஒரு மாமா காகிதத்தைப் பற்றவைத்துக் காட்டுவார். மாசி, பங்குனியில் மறையூர், சின்னாறு பகுதியில் புல் காய்ந்து கிடக்கும், காட்டுத்தீக் காலம். அந்த வித்தையை அப்போது காட்ட வேண்டாம். லென்ஸால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

லென்ஸுக்கு மேல் போக விரும்பும் எட்டு வயதுக்காரருக்கு ஃபோல்ட்ஸ்கோப் உண்டு. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் வேலை செய்யும் மனு பிரகாஷும் அவர் குழுவினரும் 2014இல் உலகுக்கு அறிவித்த காகித நுண்ணோக்கி அது. அட்டையை மடித்து நாமே செய்துகொள்ளலாம். 140 மடங்கு வரை பெருக்கிக் காட்டும். கோயில் குளத்துப் பாசியை ஒரு சொட்டுத் தண்ணீரோடு வைத்தால் பச்சைச் சுருள்கள் ஓடும் இழைகள் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது சரிப்படாது. மடிக்கும்போதே கிழித்துவிடும், பிறகு அழும். பொம்மைக் கடை நுண்ணோக்கியைவிட எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். அந்தப் பொம்மை நுண்ணோக்கியின் அட்டையில் போட்டிருக்கும் மடங்கு எண்ணை நம்பி ஏமாறாதவர் குறைவு.

பைனாகுலரும் அப்படித்தான். விளையாட்டு பைனாகுலரில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு காட்சி தெரியும். பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வைத்துவிடும். எட்டு மடங்குள்ள நல்ல பைனாகுலர் சில ஆயிரம் ரூபாய். சின்ன முகத்துக்கு இரண்டு குழாயும் நெருங்கி வருமா என்று கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்க்கவைத்து வாங்குங்கள். பத்து வயது வரை காத்திருந்தாலும் நட்டமில்லை.

யானை வரும் ஊரில்

‘பிள்ளைகளைக் காட்டில் திரிய விடுங்கள்’ என்று நகரத்திலிருந்து எழுதுவது எளிது. சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை வீடு வீடாக அரிசி தேடித் திரிந்ததை ஊரே பார்த்தது. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பத்துத் தெருவுக்குள் வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக ஓடைக்கு அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள், சம்மதிக்கவும் கூடாது. அதனால்தான் முற்றத்திலேயே செய்ய முடிந்தவற்றைச் சொல்லிவருகிறேன். கடையில் விற்கும் பஞ்சு யானையைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கு, ராத்திரி வெளியே நிஜ யானை ஏன் வந்தது என்பதும் தெரிய வேண்டும் என்று நினைக்கும் அப்பாக்கள் அங்கே இருக்கத்தான் செய்கிறார்கள்.

முற்றத்தில் செய்யத் தக்கதில் எனக்கு மிகவும் பிடித்தது மழைமானி. கடையில் விற்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் மேலேயே புனலாகக் கவிழ்க்க வேண்டும். பாட்டிலின் உடம்பு நேராக இருப்பது முக்கியம். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் உதவாது. அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேராகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போட வேண்டும். அதற்கு மேல் ஸ்கேலைப் பார்த்து மில்லிமீட்டர். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைத்து, தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இந்திய வானிலைத் துறையும் அதே எட்டரை மணிக்குத்தான் நாளைக் கணக்கிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதை, முற்றத்தில் கோலமாவால் சதுரம் போட்டு ஒரு லிட்டர் ஊற்றிக் காட்டிவிடலாம். இந்தக் கணக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்தால் மறக்காது.

மூணாற்றில் ஒரு பிள்ளையும் சின்னாறு பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் இப்படி அளந்து, போனில் எண்களைச் சொல்லிக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் இரண்டு, மூன்று மணி நேரம்தான். சின்னாறு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்யும். அதனால்தான் அங்கே கள்ளியும் நட்சத்திர ஆமையும், மூணாற்றில் சோலையும் அட்டையும். மலை மழையை எப்படிப் பங்கு போடுகிறது என்று இரண்டு பிள்ளைகளின் நோட்டுகளே சொல்லும்.

இந்த மலையில் மழையளவு வெறும் பாடமில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பக்கத்துக் கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றின் கரையோரம் பள்ளிப் பிள்ளைகளும் ஊராரும் சேர்ந்து மழையளந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு நடக்கிறது. ஒரு பாட்டிலால் மலைச்சரிவைத் தடுக்க முடியாது. ஆனால் தொடர்ந்து கொட்டும் மழை எத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருப்பது நல்லதுதானே.

வாங்கக் கூடாதவை

இயற்கைப் பரிசு என்ற பெயரில் உயிருள்ளதை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் விட்டபாடில்லை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் ராசி என்று சொல்லி ரகசியமாக விற்பார்கள். அதன் பன்னாட்டு வணிகமும் 2019இலிருந்து முற்றாகத் தடைபட்டிருக்கிறது. மீன் கடையில் பச்சையாக, உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புக் காது ஆமை சட்டப்படி கிடைக்கலாம், ஆனால் அது அமெரிக்க ஆமை. வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிடும். தொட்டி பத்தாமல் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், உள்ளூர் ஆமைக்கு அது எமன். திருச்சூருக்கு அருகே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளை விட்டுவிடாமல் ஒப்படைக்கச் சொல்கிறது.

தட்டான் வாலில் நூல் கட்டுவதையும் இதோடு சேர்க்கலாம். மழைக்குப் பின் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான்கள் பருவக்காற்றில் ஏறி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009இல் எழுதினார். கடல் தாண்டும் பூச்சிக்கு நூல் எதற்கு?

பொட்டலத்தில் வரும் பொம்மைகளில் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. இரண்டு பொருள்களில் மட்டும் நான் சமரசமே செய்யமாட்டேன். ஒன்று, காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். இன்னொன்று, சின்னச் சின்னக் காந்தக் குண்டுகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு உள்ளே இருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவே சிக்கிய குடல் சுவரை நசுக்கித் துளை போட்டுவிடும். காந்தம் வேண்டுமென்றால் கைக்கு அடங்காத பெரிய லாடக் காந்தம் ஒன்று, கொஞ்சம் ஆற்று மணல். கறுப்பு மணல் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஏன் என்று பிள்ளை தானாகக் கேட்கும்.

குன்றிமணி விஷயத்திலும் கவனம் தேவை. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகு விதையின் உள்ளே கொடிய நஞ்சு. ஓடு உடையாமல் இருக்கும்வரை பிழைத்தோம். கடித்தாலோ, கோப்பதற்குத் துளை போட்டாலோ ஆபத்து. அதற்குப் பதில் முழுச் சிவப்பான மஞ்சாடி. பழைய பொற்கொல்லர் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி எடை. இரண்டு கொட்டாங்கச்சியை ஒரு குச்சியின் இரு முனையிலும் தொங்கவிட்டால் தராசு. ஒரு பல்லாங்குழிப் பலகையும் ஒரு கிண்ணம் மஞ்சாடியும் நான் ஐந்து வயதுக்கு மேல் தாராளமாகப் பரிசளிக்கும் பொருள். அதற்குக் கீழே வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். மஞ்சாடியையும் பச்சையாகத் தின்னக் கூடாது.

பரிஷத்தும் துளிரும்

அறிவியலைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோன இயக்கம் என்றால் இந்தப் பக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் தொடங்கியது. 1970இல் பிள்ளைகளுக்காக ‘யுரீக்கா’ இதழைக் கொண்டுவந்தது. பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காக்கும் போராட்டத்தில் முன்னால் நின்றது. 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. பாலக்காட்டுக்கு அருகே முண்டூரில் இவர்கள் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பரிஷத் பரப்பிய ‘சூடாறாப் பெட்டி’யை நான் பொம்மை வரிசையில் சேர்ப்பேன். அரிசியைக் கொதிக்கவைத்துப் பாத்திரத்தோடு அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும். பிள்ளையை விட்டு வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுடாது. சூடு எங்கே போயிற்று? அட்டைப் பெட்டி, பழைய துணி, தெர்மகோல் வைத்து அது தானே ஒன்று கட்டும். கேஸும் மிச்சம்.

தமிழில் இதற்கு இணை, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’. 1987இலிருந்து வரும் மாத இதழ். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்ப் பகுதிகளில் தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம். தெருவில் மலையாளம் பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படிப்பார்கள். பக்கத்துக் கடையில் கிடைக்கும் அறிவியல் புத்தகம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ்ப் புத்தகத்துக்குக் கம்பமோ உடுமலையோ பொள்ளாச்சியோ போக வேண்டும். அவர்களுக்கு ஓர் ஆண்டுச் சந்தா கட்டிவிடுவது, மாதம் தோறும் தபாலில் பிள்ளையின் பெயர் போட்டு வரும் பரிசு. தன் பெயருக்குத் தபால் வருவது அந்த வயதில் சாதாரண விஷயமா?

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் சேர்த்து முக்கோணம், சதுரம் கட்டவைப்பார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் என்று எந்த விரிவுரையும் இல்லாமல் தெரிந்துவிடும். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய புத்தகங்களும் குறும்படங்களும் தமிழிலும் மலையாளத்திலும் இணையத்தில் இலவசம்.

கூட்டிப் போவதும் பரிசுதான்

பிறந்தநாளுக்கு ஒரு நாள் பயணம் என்று முடிவு செய்தால், சில விவரங்கள். வரையாடு பார்க்க இரவிகுளம் போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்க்க வேண்டும். குட்டி ஈனும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக முடியும். அங்கே கன்னிமரா தேக்கு நிற்கிறது. பிள்ளைகள் கைகோத்து எத்தனை பேர் சேர்ந்தால் அதைச் சுற்ற முடியும் என்று எண்ணலாம். தேக்கடியில் காட்டுக்குள் வழிகாட்டிகளாக வருபவர்களில், ஒரு காலத்தில் வயணப் பட்டை திருட்டாக உரித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. 1990களின் இறுதியில் வனத்துறை அவர்களையே காவலர்களாக்கியது. காலடித் தடம் பார்த்து அவர்கள் சொல்வதைக் கேட்க, பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள்.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. 2018இல் பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பளியர்கள் தங்கள் வயதையே இந்தப் பூவால் எண்ணினார்கள் என்பார்கள். நடுவில் ஆண்டுதோறும் ‘குறிஞ்சி பூத்தது’ என்று வரும் செய்திகள் பொய்யில்லை. அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. எதுவானாலும் பறிக்கக் கூடாது.

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால், இயந்திரங்களைப் பார்க்கும் கூட்டத்தோடு ஓடாமல் கருங்கல் சூரியக் கடிகாரத்துக்கு முன் நில்லுங்கள். 1913இல் நம்ம ஊர் நாசரேத்துத் தொழிற்பள்ளியில் செய்து வந்தது அது. வீட்டுக்குத் திரும்பியதும் முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கால் மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்கட்டியால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு என்றுதான் பிள்ளை பந்தயம் கட்டும், நீங்களும் கட்டுவீர்கள். இருவரும் தோற்பீர்கள். நம் கடிகாரம் அலகாபாத்தை ஒட்டி ஓடும் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மூணாறும் பாலக்காடும் அதற்கு மேற்கே ஐந்தரை, ஆறு டிகிரி தள்ளி இருக்கின்றன, டிகிரிக்கு நான்கு நிமிடம். அதனால் இங்கே உச்சி சராசரியாகப் பன்னிரண்டு இருபதைத் தாண்டித்தான். அதுவும் எல்லா மாதமும் ஒன்றாக இராது. நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு ஆறை ஒட்டியும் பிப்ரவரி நடுவில் பன்னிரண்டு முப்பத்தாறை ஒட்டியும் வரும். ஒரு குச்சி, ஒரு சாக்கட்டி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம். மேகம் வந்தால் அடுத்த ஞாயிறு.